நூல் அளவு தள்ளிய கோடு

யாரை அறிமுகம் செய்துவைத்தாலும் அவர் பெயரைக் கேட்கமாட்டார். என்ன வேலை, எத்தனை பிள்ளைகள், எதுவும் கேட்கமாட்டார். "நீங்க எந்தத் தொகுதி?" என்பார். வந்தவர் முழிப்பார். ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும். அவரே தொகுதியைச் சொல்லி, அதன் எம்.எல்.ஏ. யார், எம்.பி. யார் என்று சொல்லி, "அவுங்கதான் உங்க ஆளு, ஞாபகம் வெச்சுக்குங்க" என்று முடிப்பார். காணாமல்போன பங்காளியைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் மாதிரி முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும்.

2007இல் என் மகள் கல்யாணம் சிதம்பரத்தில் நடந்தது. அந்த வருஷம் அந்த ஊரில் அவ்வளவு கூட்டம் கூடிய கல்யாணம் வேறு இல்லை என்று மற்றவர்கள் சொன்னார்கள், நான் சொல்லவில்லை. சம்பந்தி ஸ்ரீமுஷ்ணம். இவர் மண்டப வாசலிலேயே நின்று மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவரையும் தொகுதி விசாரித்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். சம்பந்தி என்னைத் தனியாக அழைத்துப் போய், "அவரு எந்த ஆபீசு சம்பந்தி? நகை வெவரமெல்லாம் கேப்பாரா?" என்றார். எனக்குச் சிரித்து மாளவில்லை. ஆனால் அவரைப் பார்த்து வருமானவரி அதிகாரி என்று நினைத்ததில் தப்பும் இல்லை. வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா ஒரு பென்சில், கையில் சுருட்டிய காகிதம்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எங்கள் அச்சகத்தில் எல்லோருக்கும் அவர் தொகுதி சார்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். அச்சாபீசில் பேப்பர் அடுக்கச் சேர்ந்து, மை குழைத்து, எழுத்துக் கோத்து, கடைசியில் திருப்பாதிரிப்புலியூரில் சொந்தக் கட்டடத்தில் இரண்டு ஆஃப்செட் மிஷின் போட்டவன். எம்.ஏ. படித்த ஆளெல்லாம் என்னிடம் கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் கேட்டு நிற்பார்கள். அப்படிப்பட்ட என்னையே வாய் பிளக்க வைத்தவர் அவர். 2004 தேர்தல் முடிந்து ஒரு மாதம் இருக்கும். கடைக்கு வந்து மேசையில் ஒரு தாளை விரித்தார். இந்தியா முழுவதும் வரைந்த படம். ஐந்நூற்று நாற்பத்து மூன்று தொகுதி. ஒவ்வொன்றுக்குள்ளும் ஜெயித்தவர் பெயர், எறும்பு எழுதியது போல. அத்தனையும் கையால் எழுதியது.

"எத்தனை நாள் ஆச்சு சார்?" என்று கேட்டேன்.

"வோட்டு எண்ணி முடிக்கிற வரைக்கும் கோடு. எண்ணி முடிச்சப்புறம் பேரு," என்றார்.

ரயில் தபாலில் கடிதம் பிரிக்கும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வாழ்நாளெல்லாம் ஓடுகிற ரயில் பெட்டியில் நின்றுகொண்டு, சுவர் முழுக்க இருக்கும் மரப்பொந்துகளில் கடிதங்களைச் செருகியவர். விலாசம் பாதி அழிந்திருந்தாலும் கை தானாகச் சரியான பொந்துக்குப் போகும் என்பார். ஓய்வுபெற்ற பிறகு கடிதம் இல்லை. மனிதர்களைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார் என்று நினைக்கிறேன். நாட்டில் பொந்து இல்லாத ஆள் யாரும் இருக்கக்கூடாது, அவ்வளவுதான் அவருடைய கொள்கை.

எந்தக் கட்சி என்று கண்டுபிடிக்க நானும் எவ்வளவோ முயன்றேன். பிடி கொடுக்கமாட்டார். ஜெயித்தவரைத் திட்டினாலும் கேட்டுக்கொள்வார், புகழ்ந்தாலும் கேட்டுக்கொள்வார். ஒருநாள் சீண்டிப் பார்க்கலாம் என்று, "அவுங்க நம்மள ஞாபகம் வெச்சுக்கறதே இல்ல சார், நாம மட்டும் எதுக்கு வெச்சுக்கணும்?" என்றேன்.

"விலாசம் எழுதறது கடுதாசி போய்ச் சேரணும்னுதான் முதலாளி. அந்த வூட்டுக்காரன் நல்லவனா கெட்டவனான்னு பாத்தா எழுதறோம்?" என்றார். நான் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் கடையில் என்னை மடக்கியவர்கள் ஜாஸ்தி பேர் இல்லை.

அந்த இந்தியப் படத்தை நான் அச்சடித்தேன். பள்ளிக்கூடம், வக்கீல் ஆபீஸ், ஓட்டல், டீக்கடை என்று கடலூரிலிருந்து சிதம்பரம் வரை சுவர் சுவராக ஏறியது. அதோடு என் வேலை முடிந்தது. அவர் வேலை அங்கேதான் தொடங்கியது.

உறுப்பினர்கள் சாவார்கள். ராஜினாமா செய்வார்கள். இடைத்தேர்தல் வரும். நாட்டின் எந்த மூலையில் ஒரு பெயர் மாறினாலும் அவர் என் கடைக்கு வந்து நகத்தளவு திருத்தச் சீட்டுகள் அடித்து வாங்கிக்கொள்வார். பிறகு ஒரு பையில் சீட்டும் கோந்து பாட்டிலும் கத்தரிக்கோலும் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவார். படம் வாங்கிய ஒவ்வொரு கடைக்கும் போய், யாரையும் கேட்காமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பழைய பெயர் மேல் புதிய பெயரை ஒட்டுவார். இடம் காலியாக இருந்தால் வெள்ளைச் சீட்டு. வடலூரில் ஓர் ஓட்டல் முதலாளி, சாப்பிட வந்தவன் தலைக்கு மேல் ஏறி நிற்கிறார் என்று எனக்கு ஃபோன் செய்து கத்தினார். செம்மண்டலத்து டீக்கடைக்காரர் நிதானமானவர். வடக்கே ஓர் எம்.பி. இறந்த மூன்றாம் நாளே இவர் சீட்டோடு வந்து நின்றதைப் பார்த்து, "செத்தவருக்கு ஒரு பத்து நாள் மரியாத குடுக்கக் கூடாதா சார்?" என்று கேட்டிருக்கிறார்.

"குடுக்கலாம். ஆனா அவரு மனு வாங்க மாட்டாரே," என்று சொல்லிக்கொண்டே ஒட்டிவிட்டு இறங்கினாராம்.

டீக்கடைக்காரர் இதை என்னிடம் சொல்லிச் சிரித்தார். ஆனால் அந்த எம்.பி.யின் ஊரிலிருந்து யாருக்கு மனு கொடுப்பது என்று கேட்டு யாரும் செம்மண்டலத்துக்கு வரப்போவதில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தொகுதி சாருக்குத் தெரியாது. அவருக்கு ஒரு சுவரில் ஒரு பெயர் தப்பாக இருந்தால் சாப்பாடு இறங்காது. சில சமயம் அவர் சிரித்த முகத்தோடு நாற்காலியில் ஏறுவதைப் பார்க்கும்போது எனக்கு ஒரு மாதிரியாக இருக்கும். இவருக்கு வீட்டில் யாரும் இல்லையா என்று தோன்றும். மனைவி இருந்தார், நன்றாகத்தான் இருந்தார். அந்த அம்மாவிடமும் எந்தத் தொகுதி என்று கேட்டுத்தான் கல்யாணம் பண்ணினார் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

2008இல் எல்லைகளைத் திருத்தி அரசு புதிய ஆணை போட்டது. எங்கள் மாவட்டத்தில் நெல்லிக்குப்பம் என்ற தொகுதியே போயிற்று; நெய்வேலி புதிதாக முளைத்தது. அன்றைக்கு அவர் கடைக்கு வந்து உட்கார்ந்த விதத்தைப் பார்த்து, வீட்டில் ஏதோ துக்கம் என்று டீ சொல்லிவிட்டேன். "நெல்லிக்குப்பம்னு ஒரு பொந்தே இனிமே இல்ல முதலாளி," என்றார். பிறகு அந்த ஆணையை வரி வரியாகப் படிக்கத் தொடங்கினார். எந்த ஊர் எந்தத் தொகுதி என்று பட்டியல் பட்டியலாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிற பையில் பைபிளோடு அதுவும் இருக்கும். தவக்காலத்தில் மற்ற கிறிஸ்தவர்கள் கறி, மீன் விட்டுவிட்டு ஜெபம் செய்வார்கள். இவர் அதோடு, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இரண்டு தொகுதி என்று வைத்துக்கொண்டு எங்கள் மாவட்டப் பட்டியல் முழுவதையும் தான் வரைந்து வைத்திருந்த படத்தோடு ஒத்துப்பார்த்து முடிப்பார்.

2011 சட்டமன்றத் தேர்தல் புதிய எல்லைப்படி நடந்தது. ஜெயித்தவருக்கே தன் தொகுதி எங்கே முடிகிறது என்று தெரியாத நேரம். இப்போது ஒரு மாவட்டப் படம் போட்டால் பிய்த்துக்கொண்டு போகும் என்று எனக்குத் தோன்றியது. வியாபாரத்தில் இந்த மூக்கு எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. அவர் நான்கு மாதம் உட்கார்ந்து வரைந்தார். குக்கிராமம், காலனி, வாய்க்கால், எதையும் விடவில்லை. அந்த மூலப்படத்தை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் எழுத்துகளை வைத்தோம்.

இந்த இடத்தில்தான் நான் ஒரு வேலை செய்தேன்.

இரண்டு தொகுதிகள். பெயர் சொல்லமாட்டேன், இரண்டிலும் எனக்கு வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். சிதம்பரத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம், எந்தத் திசை என்பதும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவே ஒரு வாய்க்கால், வாய்க்கால்தான் எல்லை. மேற்குத் தொகுதியின் பெயர் நீளம். பெரிய எழுத்தில் வைத்தபோது கடைசி எழுத்து எல்லைக்கோட்டின் மேல் ஏறி நின்றது. ஆபரேட்டர் பெண், எழுத்தைச் சின்னதாக்கலாமா என்று கேட்டாள். சின்னதாக்கினால் மற்ற பெயர்களோடு ஒத்துவராது, பார்க்க அசிங்கமாக இருக்கும். "எழுத்து இருக்கட்டும். கோட்டை ஒரு நூல் கிழக்கால தள்ளு" என்றேன். எங்கள் தொழிலில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்கு நூல் என்று பெயர். படத்தில் அது ஒன்றுமே இல்லை. பார்க்க எடுப்பாக வந்தது. புரூஃப் அவருக்கு அனுப்பவில்லை. சீசன் போய்விடும் என்ற அவசரம்.

அச்சாகி வந்ததும் ஒவ்வொரு எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கும் ஒரு படம் கண்ணாடிச் சட்டம் போட்டு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மேற்குத் தொகுதிக்காரர் தன் நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டச் சொன்னார். அவர் என் தோளில் கை போட்டபடி எடுத்த புகைப்படம் கடையில் இன்னும் இருக்கிறது. அந்த டிசம்பரில் அடித்த புயலில் என் பட்டறைக் கூரை போய், மூலப்படம் நனைந்து கூழாகிவிட்டது. கம்ப்யூட்டரும் போயிற்று.

மறு வருஷம் தவக்காலத்தில், ஒரு சனிக்கிழமை காலை, கடை திறந்த உடனே வந்துவிட்டார். உட்காரவில்லை. மேசையில் மாவட்டப் படத்தை விரித்து, பூதக்கண்ணாடியை ஒரு புள்ளியின் மேல் வைத்தார்.

"முதலாளி, நான் தப்பு பண்ணிட்டேன்."

வாய்க்காலுக்குக் கிழக்கே நாற்பது வீடுள்ள ஒரு குக்கிராமம். ஆணைப்படி கிழக்குத் தொகுதி. படத்தில் கோடு அதையும் தாண்டிப் போயிருந்ததால் மேற்குத் தொகுதி. வாய்க்கால் மேலேயே கோடு போட்டதாகத்தான் தனக்கு ஞாபகம், ஆனால் கை தவறியிருக்கிறது, மூலப்படம் இருந்தால் பார்க்கலாம் என்றார். ரயிலில் அத்தனை வருஷம் ஒரு கடிதத்தைக்கூடப் பொந்து மாற்றிச் செருகியதில்லை என்றார்.

நான் அப்போதே சொல்லியிருக்கலாம். "வுடுங்க சார், வயசானா அப்படித்தான்" என்றுதான் சொன்னேன்.

அவருக்குத் திருத்தச் சீட்டு வேண்டும். இந்தத் தடவை பெயர் இல்லை, இரண்டு விரல் அகலத்துக்கு வாய்க்கால், கோடு, ஊர். அடித்துக் கொடுத்தேன். முதலில் அந்த ஊருக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அப்புறம் ஒவ்வொரு சுவராக ஒட்ட வேண்டும் என்றார். தனியாக விட மனமில்லாமல் என் காரிலேயே கூட்டிப்போனேன்.

கார் வாய்க்கால் கரையோடு நின்றது. எதிர்க்கரையில் ஊர். நடுவில் இரண்டு பனைமரம் போட்டு அதன்மேல் ஆட்கள் நடந்து வந்தார்கள். பக்கத்திலேயே புதிதாக இரண்டு கான்கிரீட் தூண்கள் எழும்பி, கம்பி நீட்டிக்கொண்டு நின்றன.

மகளிர் குழுத் தலைவி ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். தொகுதி சார் படத்தை விரித்து, ஊரைக் காட்டி, தான் செய்த தவறைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மா கடைசி வரை கேட்டுக்கொண்டார்.

"தெரியும் சார்," என்றார்.

மழைக்காலத்தில் பனைமரம் முழுகிவிடும். பிரசவ வலி வந்தவளைக் கட்டிலோடு தலைமேல் தூக்கிக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் இறங்குவார்கள். முந்தின வருஷம் அப்படிப் போனதில் ஒரு குழந்தை இல்லாமல் போயிற்று. பாலம் கேட்டுத் தாங்கள் ஓட்டுப்போட்ட கிழக்குத் தொகுதிக்காரரிடம் நான்கு தடவை போனார்கள். பார்க்கவே முடியவில்லை. சிதம்பரத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் இந்தப் படத்தில் தங்கள் ஊர் மேற்கில் இருப்பதை அந்த அம்மாவின் தம்பி பார்த்திருக்கிறான். மறுநாளே ஊரே மேற்குத் தொகுதிக்காரரிடம் போய் நின்றது. அவர் எதிர்ச் சுவரைப் பார்த்தார். "நம்ம ஊருதான்" என்றார். பாலத்துக்கு எழுதிவிட்டார். ஒன்றிய அலுவலகத்தில் மதிப்பீடு போட்டவரும் தன் சுவரில் இருந்த அதே படத்தைப் பார்த்தே போட்டிருக்கிறார்.

"நம்ம ஊருதான்னு ஒருத்தரு வாய் தெறந்து சொல்றாரு. இல்லீங்க, நாங்க அடுத்த தொகுதின்னு நான் சொல்லணுமா சார்?"

"ஆனா தப்பும்மா அது," என்றார் இவர்.

"தப்புதான். நாங்களா கோடு போட்டோம்? நீங்க போட்டீங்க." அந்த அம்மா அவர் கையிலிருந்த கோந்து பாட்டிலைப் பார்த்தார். "மேல தளம் போட இன்னும் மூணு மாசம் ஆவும். இப்ப நீங்க போயி அதை ஒட்டிட்டா தூணோட நிக்கும். அப்புறம் நாங்க அந்தத் தூணைக் கும்புட்டுக்கினு இருக்க வேண்டியதுதான்."

அவர் படத்தைச் சுருட்டினார். பனைமரத்தின் மேல் ஏறி நடுவாய்க்கால் வரை போய் நின்று தூணைப் பார்த்தார். விழுந்துவிடப் போகிறாரே என்று எனக்குப் பதைப்பு. திரும்பி வந்து, "தளம் போடட்டும்மா," என்றார். அவ்வளவுதான்.

காரில் வரும்போது சீட்டைச் சட்டைப்பையில் வைத்துப் பையைப் பொத்திப் பிடித்துக்கொண்டே வந்தார்.

அடுத்த மூன்று மாதம் அவர் வேறு மனிதர். ஒரு தப்பை வேண்டுமென்றே விட்டுவைத்திருப்பவனுக்கு மற்றவன் சுவரில் ஏறத் தகுதி இல்லை என்று எந்தக் கடைக்கும் சீட்டோடு போகவில்லை. அந்தச் சமயத்தில் எங்கேயோ ஓர் இடம் காலியானது. வெள்ளைச் சீட்டு கேட்டு வரவில்லை. செம்மண்டலத்து டீக்கடைக்காரர், "சாருக்கு ஒடம்பு சரியில்லியா?" என்று விசாரித்தார்.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. சனிக்கிழமை தோறும் பஸ் ஏறிப் பாலம் பார்க்கப் போனார். திரும்புகிற வழியில் கடைக்கு வருவார். கம்பி கட்டியாயிற்று என்பார். காண்டிராக்டர் ஜல்லி சின்னதாகப் போட்டிருக்கிறான், கேட்டேன், மாற்றிவிட்டான் என்பார். தளம் போட்ட அன்று சாக்கு நனைத்துப் போர்த்தியது சரியில்லை என்று தானே வாய்க்காலில் இறங்கித் தண்ணீர் மொண்டு ஊற்றியிருக்கிறார், வேட்டியெல்லாம் சேறு. "சின்னக் குழந்தைங்க ஓடறதுக்கு ஓரச் சுவரு இன்னும் ஒரு அடி வேணும் முதலாளி. சொல்லியிருக்கேன்," என்றார். முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு கேட்கக் கேட்கச் சிரிப்பு போய்விட்டது. தன் தப்புக்குத் தண்டனை அனுபவிக்கிறார், அதுவும் செய்யாத தப்புக்கு என்று நினைத்தேன்.

பாலம் திறந்தார்கள். மேற்குத் தொகுதிக்காரர் வந்து ரிப்பன் வெட்டினார். விஷயம் கேள்விப்பட்டுக் கிழக்குத் தொகுதிக்காரரும் மாலையோடு வந்துவிட்டார். ஆளே இல்லாதிருந்த ஊருக்கு ஒரே மேடையில் இரண்டு ஆள். இருவரும் தன் மக்கள், தன் பாலம் என்று பேசினார்கள். தொகுதி சார் கூட்டத்தின் கடைசியில் நின்று கைதட்டினாராம்.

மறுநாள் காலை கடைக்கு வந்தார். புதிய கோந்து பாட்டில் கேட்டார். பழையது உறைந்துவிட்டது. அந்த வாரத்துக்குள் எல்லாச் சுவரிலும் ஒட்டி முடித்துவிடப் போவதாகச் சொன்னார். முகம் தெளிவாக இருந்தது. இனிமேலும் சொல்லாமல் இருந்தால் நான் மனுஷன் இல்லை என்று எனக்குப் பட்டது. உழைத்து முன்னுக்கு வந்தவன் நான். யாருக்கும் பயந்து எதையும் மறைத்துப் பழக்கம் இல்லை. எழுத்து, கோடு, நூல் அளவு, எல்லாவற்றையும் சொன்னேன். "உங்க கை தப்பு பண்ணல சார். நான்தான் தள்ளச் சொன்னேன்," என்று முடித்தேன்.

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

கோந்து பாட்டிலின் மூடியைத் திறந்தார், மூடினார்.

"அப்ப நான் வரைஞ்சது சரியாதான் இருந்துச்சு."

"ஆமாம் சார். அச்சு அசலா சரி."

"அப்ப அந்தப் பாலம் என்னால வந்தது இல்ல," என்றார்.

பாட்டில் இருக்கட்டும், காசு வேண்டாம் என்றேன். அவர் கோபப்படவில்லை, கேட்காமல் பாட்டிலுக்குக் காசை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். அந்த வாரம் முடிவதற்குள் அத்தனை சுவரிலும் ஒட்டிவிட்டார். மேற்குத் தொகுதிக்காரரின் உதவியாளர் எனக்கு ஃபோன் செய்து, உங்கள் ஆள் ஒருவர் வந்து கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி ஏதோ ஒட்டிவிட்டுப் போனார், எலி கடித்ததா என்று கேட்டார்.

அதன்பிறகு அவர் என் கடைக்கு வரவில்லை. அந்த வருஷக் கடைசியில் சிதம்பரத்தில் வேறொரு அச்சகத்தில் அவர் மாவட்டப் படத்தைப் புதிதாகப் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஆள் விட்டு ஒன்று வாங்கிவரச் சொன்னேன். அச்சு சுமார்தான், என் மிஷினில் வந்திருந்தால் நிறம் இப்படிச் சோகை பிடித்திருக்காது. பூதக்கண்ணாடி வாங்கி வைத்துப் பார்த்தேன். நீளப் பெயரின் எழுத்தைச் சின்னதாக்கியிருந்தார்கள். கோடு வாய்க்கால் மேல் இருந்தது. ஊர் கிழக்கே இருந்தது. மாவட்டத்தில் உள்ள மற்ற பாலங்கள் அத்தனைக்கும், ஒரு ஆள் நடக்கிற மதகுக்குக்கூட, இரண்டு சின்னக் கோடு போட்டுக் குறித்திருந்தார். அந்த வாய்க்கால் மட்டும் பாலக் கோடு இல்லாமல் வெறுமனே ஓடியது.